காரட் நல்லது; காரட் மாத்திரை?

ஐரோப்பாவின் வடகோடியில் இருக்கிறது பின்லாந்து. பனியும் காடும் ஏரிகளும் நிறைந்த நாடு.

அந்த நாட்டில் 1985-ம் ஆண்டு ஒரு பெரிய சோதனை தொடங்கிற்று. சோதனையில் சேர்ந்தவர்கள் 29,133 பேர். எல்லாரும் ஆண்கள். வயது 50-க்கும் 69-க்கும் இடையில். எல்லாரும் சிகரெட் பிடிப்பவர்கள்.

இவர்கள் நாள்தோறும் ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் நுரையீரல் புற்றுநோய் குறையுமா? அதைக் கண்டுபிடிப்பதுதான் சோதனையின் நோக்கம்.

மாத்திரையில் இருந்தது விஷம் அல்ல. புதிய மருந்தும் அல்ல. காய்கறியில் உள்ள சத்துத்தான்.

ஒரு பிரிவினருக்குப் பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். காரட்டுக்கும் பரங்கிப் பழத்துக்கும் அந்த நிறத்தைக் கொடுக்கும் பொருள் அது. கீரையிலும் அது நிறைய உண்டு. கீரையின் பச்சை நிறம் அதை மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான். இன்னொரு பிரிவினருக்கு வைட்டமின் 'ஈ'. மூன்றாவது பிரிவினருக்கு இரண்டும். நான்காவது பிரிவினருக்கு ஒன்றும் இல்லாத வெற்று மாத்திரை.

யாருக்கு எந்த மாத்திரை என்பது சாப்பிட்டவருக்கும் தெரியாது. கொடுத்த டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் அல்லவா? அதற்காக இந்த ஏற்பாடு.

1993-ல் சோதனை முடிந்தது. கணக்குப் பார்த்தார்கள். திடுக்கிட்டுப் போனார்கள்.

பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களில் 474 பேருக்கு நுரையீரல் புற்றுநோய் வந்திருந்தது. சாப்பிடாதவர்களில் 402 பேருக்குத்தான் வந்திருந்தது. இரு தரப்பிலும் ஆட்கள் ஏறத்தாழச் சமம்.

நோயைக் குறைக்கும் என்று கொடுத்த மாத்திரை, நோயை நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு கூட்டிவிட்டது!

எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மொத்த மரணமும் அவர்களிடையே நூற்றுக்கு எட்டுப் பங்கு அதிகம்.

72 பேர் கூடுதல். அந்த 72 பேர் யார் யார் என்று எவராலும் சொல்ல முடியாது. அவர்கள் வீட்டாருக்கும் தெரியாது. சிகரெட்டால் வந்தது என்றே எல்லாரும் நினைத்திருப்பார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட ஒரு கூட்டம் பக்கத்தில் இல்லாவிட்டால், இந்த உண்மை வெளியே வந்தே இராது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தச் சோதனையை நடத்தியவர்கள் மோசக்காரர்கள் அல்ல. பின்லாந்து அரசின் சுகாதார நிலையமும் அமெரிக்க அரசின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து நடத்திய சோதனை அது. தாங்கள் நம்பியதற்கு நேர்மாறான முடிவு வந்ததும் அவர்கள் அதை ஒளித்து வைக்கவில்லை. 1994 ஏப்ரலில் உலகம் அறிய வெளியிட்டார்கள். மருந்து விற்பவர்கள் எல்லாரும் இப்படி நடந்துகொள்வார்கள் என்று சொல்ல முடியாது.

நம்பியதற்குக் காரணம் என்ன?

காரணம் இல்லாமல் அவர்கள் நம்பவில்லை.

அடுப்பில் விறகு எரியக் காற்று வேண்டும். காற்றில் உள்ள பிராணவாயுதான் எரிய வைக்கிறது. மனித உடலிலும் இதேபோல்தான். சாப்பிட்ட சோறும் பருப்பும் உயிரணுக்களுக்குள் மெல்ல மெல்ல எரிகின்றன. அதனால்தான் உடம்பு சூடாக இருக்கிறது, கை கால் அசைகிறது, இருதயம் துடிக்கிறது.

அடுப்பு எரிந்தால் தீப்பொறி பறக்கும். உயிரணுவுக்குள்ளும் பொறி பறக்கிறது. தறிகெட்ட பிராணவாயுத் துணுக்குகள் அவை. எதிரே அகப்பட்டதைத் தாக்கும். இரும்பு துருப்பிடிக்கிறதே, பழைய எண்ணெயில் காறல் வாடை அடிக்கிறதே, அவையும் பிராணவாயு செய்கிற வேலைதான்.

இந்தத் துணுக்குகளும் அதே வேலையை உடம்புக்குள் செய்கின்றன. உயிரணுவைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வைக் கெடுக்கின்றன. உயிரணுவின் நடுவே ஓர் ஏடு இருக்கிறது. தகப்பன் சாயலும் தாய் சாயலும் எழுதியிருக்கும் ஏடு. அதிலும் கீறல் போடுகின்றன. சிகரெட் புகை இத்தகைய துணுக்குகளைக் கோடிக் கணக்கில் நேரே நுரையீரலுக்குள் கொண்டு சேர்க்கிறது.

அமெரிக்காவில் டென்ஹாம் ஹார்மன் என்று ஒருவர் இருந்தார். எண்ணெய்க் கம்பெனியில் ரசாயன நிபுணராக வேலை பார்த்தவர். பிறகு டாக்டருக்குப் படித்தார். மனிதன் கிழவனாவதற்கே இந்தத் துணுக்குகள்தான் காரணம் என்று 1956-ல் அவர் எழுதினார். முதலில் பலர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1969-ல் ஒரு திருப்பம். அமெரிக்காவின் டியூக் சர்வகலாசாலையில் ஜோ மெக்கார்டு, இர்வின் பிரிடோவிச் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு விஷயத்தைக் கண்டார்கள். இந்தத் துணுக்குகளை அடக்குவதற்கென்றே உடம்பில் ஒரு பொருள் இருக்கிறது! திருடன் இல்லாத ஊரில் போலீஸ்காரர் எதற்கு? போலீஸ்காரர் இருக்கிறார் என்றால், திருடனும் இருக்கத்தான் வேண்டும். அதன் பிறகு ஹார்மன் சொன்னதை எல்லாரும் கவனித்தார்கள்.

காய்கறிகளிலும் பழங்களிலும் இந்தத் துணுக்குகளை அடக்கும் பொருள்கள் பல இருக்கின்றன. பீட்டா கரோட்டின் அவற்றில் ஒன்று. வைட்டமின் 'சி'யும் வைட்டமின் 'ஈ'யும் அப்படியே. 'ஆன்டி ஆக்சிடன்ட்' என்று இன்று டப்பாவுக்கு டப்பா அச்சடித்திருக்கிறார்களே, அந்தச் சரக்குத்தான் இது.

கீரையும் காயும் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது. பல நாடுகளில் இதைக் கவனித்தார்கள். அவர்கள் இரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகமாக இருப்பதையும் கண்டார்கள்.

ஆகவே, அதையே பிரித்தெடுத்து மாத்திரையாகக் கொடுத்தால் என்ன? இங்கிலாந்தில் ரிச்சர்டு பீட்டோ என்ற கணக்கு நிபுணரும் அவருடைய நண்பர்களும் 1981-ல் இதை ஒரு கேள்வியாகவே எழுதினார்கள். சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். அவர்கள் நிதானமாகத்தான் சொன்னார்கள். கடைக்காரர்கள் அத்தனை நிதானம் காட்டவில்லை. சோதனை முடிவதற்கு முன்பே மாத்திரை கடைக்கு வந்துவிட்டது!

அமெரிக்காவில் பாதியில் நின்றது

பின்லாந்துக் கணக்கு வெளியானதும் சிலர் நம்பவில்லை. "ஏதோ தற்செயலாக நேர்ந்திருக்கும்" என்றார்கள்.

அப்போது அமெரிக்காவிலும் இப்படி ஒரு சோதனை நடந்துகொண்டிருந்தது. 18,314 பேர். சிகரெட் பிடிக்கும் ஆண்களும் பெண்களும், பிடித்து நிறுத்தியவர்கள், கல்நார் வேலை செய்து தூசியைச் சுவாசித்தவர்கள். இவர்களுக்குப் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் 'ஏ'யும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

1996 ஜனவரியில் இந்தச் சோதனையைத் திடீரென்று நிறுத்தினார்கள். குறித்த நாளுக்கு இன்னும் 21 மாதம் பாக்கி இருந்தது. ஏன் நிறுத்தினார்கள்?

மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் நூற்றுக்கு 28 பங்கு அதிகம். சாவு நூற்றுக்கு 17 பங்கு அதிகம். இதற்கு மேல் ஒரு நாள் கொடுத்தாலும் பாவம்.

அதே ஆண்டில் மூன்றாவது கணக்கு ஒன்றும் வெளியாயிற்று. அமெரிக்க டாக்டர்கள் 22,071 பேர் தாங்களே சாப்பிட்டுப் பார்த்த சோதனை. 12 ஆண்டுகள் நடந்தது. அவர்களில் சிகரெட் பிடிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். பலன்? நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

ஆறும் இலை, உதிரும் இலை

நல்ல சத்து ஏன் கெடுதல் செய்தது?

ஒரு காரணம், அளவு. பின்லாந்து மனிதர்கள் தினம் சாப்பிட்டது 20 மில்லிகிராம். சில காரட்டுகளிலும் அவ்வளவு இருக்கும். ஆனால் காரட்டில் உள்ளது நாருக்குள் ஒளிந்திருக்கிறது. கொஞ்சம்தான் இரத்தத்தில் சேரும். மாத்திரையில் உள்ளது அப்படியே கலந்துவிடுகிறது. அவர்கள் இரத்தத்தில் பீட்டா கரோட்டின் முன்பு இருந்ததைவிடப் பத்து மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது. எந்தச் சாப்பாட்டு ராமனும் காரட் தின்று அந்த அளவை எட்ட முடியாது.

பெரெட் என்று ஒரு பிராணி. பார்ப்பதற்குக் கீரிபோல இருக்கும். எலியின் குடல் பீட்டா கரோட்டினை அப்படியே இழுத்துக்கொள்ளாது. பெரெட்டின் குடல் மனிதனைப் போல இழுத்துக்கொள்ளும். ஆகவே அமெரிக்க விஞ்ஞானிகள் அதை வைத்துச் சோதித்தார்கள். சிகரெட் புகையையும் காட்டி, பீட்டா கரோட்டினையும் நிறையக் கொடுத்தார்கள். பெரெட்டின் நுரையீரலில் புற்றுநோய்க்கு முந்திய மாறுதல்கள் தோன்றின. புகைக்குள் அகப்பட்ட பீட்டா கரோட்டின் தானே சிதைந்து போகிறது. சிதைந்த துண்டுகள் கெடுதல் செய்கின்றன. தீயணைக்கப் போனவரின் வேட்டியில் தீப்பிடித்த கதைதான்!

இன்னொரு காரணம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, உயிரணு எப்படிச் சாகிறது என்று பார்க்க வேண்டும்.

தவளைக் குஞ்சுக்கு வால் இருக்கிறது. தவளையானதும் வால் இல்லை. வாலை யாரும் வெட்டவில்லை. வாலில் இருந்த உயிரணுக்கள் தாமே மடிந்து போயின.

தாய் வயிற்றில் இருக்கும் சிசுவுக்கு முதலில் விரல்கள் தனித்தனியாக இல்லை. வாத்தின் பாதம்போல் சவ்வு சேர்ந்திருக்கும். இடையில் உள்ள உயிரணுக்கள் குறித்த நேரத்தில் சாகின்றன. விரல்கள் பிரிகின்றன. அந்தச் சாவு இல்லாவிட்டால் குழந்தைக்கு விரலே பிரிந்திராது.

தீயில் வெந்து சாவது ஒரு விதம். அதில் வீக்கமும் சீழும் உண்டு. இது வேறு விதம். ஓசைப்படாமல் சுருங்கி, துண்டு துண்டாகி, அக்கம்பக்கத்து உயிரணுக்களுக்கு இரையாகி மறைந்துவிடுகிறது. ஆஸ்திரேலியரான ஜான் கெர், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ வைலி, அலஸ்டர் கரி ஆகிய மூவரும் 1972-ல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். கிரேக்கச் சொல் அது. மரத்திலிருந்து இலை உதிர்வது என்று பொருள். பழுத்த இலை உதிரத்தானே வேண்டும்? நல்ல பெயர்.

இந்த உதிர்தலுக்கு உத்தரவு போடும் காவல்காரர்களில் முக்கியமானவருக்கு 'பி-53' என்று பெயர். உயிரணுவின் ஏட்டில் கீறல் விழுந்தால் பி-53 விழித்துக்கொள்ளும். "வேலையை நிறுத்து, பழுது பார்" என்று சொல்லும். பழுது பார்க்க முடியாத அளவுக்குக் கீறல் இருந்தால், "நீ செத்துப் போ" என்று சொல்லிவிடும். அந்த உயிரணு ஒழுங்காகச் செத்துப் போகும். புற்றுநோய் முளையிலேயே கருகிவிடும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். தறிகெட்ட துணுக்குகளால் கீறல் விழுந்தால்தான் காவல்காரர் விழிக்கிறார். மாத்திரை அந்தத் துணுக்குகளை அடக்கிவிட்டால்? கீறல் குறையும். நல்லதுதான். ஆனால் முன்பே கெட்டுப்போய்ப் புற்றாக மாறத் தொடங்கிவிட்ட உயிரணுவுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைத்துவிடுகிறதே! காவல்காரர் தூங்கிவிடுகிறார். திருடன் தப்பிவிடுகிறான்.

இது வெறும் ஊகம் அல்ல. சுவீடன் நாட்டில், கோத்தன்பர்க் நகரில், மார்ட்டின் பெர்கோ என்ற விஞ்ஞானியும் அவருடைய கூட்டத்தாரும் எலிகளை வைத்துச் சோதித்து 2014-ல் வெளியிட்டார்கள். நுரையீரலில் சிறு புற்றுக்கட்டி தொடங்கியிருந்த எலிகளுக்கு வைட்டமின் 'ஈ' கொடுத்தார்கள். கட்டி வேகமாக வளர்ந்தது. மாத்திரை தின்ற எலிகள், தின்னாத எலிகளைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் செத்தன. பி-53-ன் வேலை மந்தமாகியிருந்தது. பி-53 இல்லாத எலிகளுக்குக் கொடுத்தபோதோ, மாத்திரையால் எந்த வித்தியாசமும் இல்லை.

எலி வேறு, மனிதன் வேறு. ஆனால் 30 ஆண்டு 40 ஆண்டு சிகரெட் பிடித்த மனிதனின் நுரையீரலில் கண்ணுக்குத் தெரியாத சிறு கட்டி இருக்காது என்று யார் உத்தரவாதம் தர முடியும்? பின்லாந்தில் நடந்ததற்கு இது பொருத்தமான விளக்கமாக இருக்கிறது.

பொறியும் வேண்டும்

தறிகெட்ட துணுக்குகளை உடம்பே வேண்டுமென்று தயார் செய்யும் நேரமும் உண்டு.

காலில் முள் குத்திப் புண்ணாகிறது. கிருமி நுழைகிறது. இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன. கிருமியை விழுங்கி, இந்தத் துணுக்குகளால்தான் அதைத் தாக்கிக் கொல்கின்றன. பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரில் கிருமியைக் கொல்லும் பொருள் எதுவோ, அதையே வெள்ளை அணுவும் தன் வயிற்றுக்குள் தயாரிக்கிறது! இந்தத் துணுக்குகளைத் தயாரிக்க முடியாமல் பிறக்கும் சில குழந்தைகள் உண்டு. சாதாரணக் கிருமிகளாலேயே அவர்கள் ஓயாமல் நோயில் விழுகிறார்கள்.

உடற்பயிற்சி செய்யும்போதும் துணுக்குகள் அதிகமாகும். ஜெர்மனியில் 2009-ல் வாலிபர்கள் 40 பேரை வைத்து ஒரு சோதனை வெளியாயிற்று. நான்கு வாரம் பயிற்சி. பாதிப் பேருக்கு வைட்டமின் 'சி'யும் 'ஈ'யும் தினமும் கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிடாதவர்களின் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறமை கூடிற்று. சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. அந்தப் பொறி பட்டுத்தான் உடம்பு தன்னைப் பலப்படுத்திக்கொள்கிறது. பொறியை அணைத்தால் பலப்படுத்திக்கொள்ள வேண்டிய அவசியம் அதற்குத் தெரிவதில்லை என்று விளக்கினார்கள். 40 பேர் என்பது சின்னக் கணக்கு. இருந்தாலும், பயிற்சிக்கூடத்துக்குப் போகும்போது ஒரு கையில் இரும்புக் குண்டும் மறு கையில் மாத்திரை டப்பாவுமாகப் போகும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு.

சீனாவில் பலித்தது ஏன்?

மாத்திரை எங்குமே பலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும்.

சீனாவில் லின்ஷியன் என்ற பகுதி. ஏழை விவசாயிகள் வாழும் இடம். பழமும் காயும் அவர்களுக்கு அரிதாகத்தான் கிடைத்தன. அங்கே 29,584 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 1993-ல் வெளிவந்தது. பீட்டா கரோட்டின், வைட்டமின் 'ஈ', செலினியம் மூன்றையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்குச் சாவு நூற்றுக்கு ஒன்பது பங்கு குறைந்திருந்தது. வயிற்றுப் புற்றுநோய்ச் சாவும் குறைந்திருந்தது.

பசித்தவன் வயிற்றில் விழுந்த சோறு அது. வயிறு நிறைந்தவனுக்குத் திணித்தது பின்லாந்தில் நடந்தது. இரண்டும் ஒன்றாகுமா?

குறைந்த இடத்தில் கொடுத்தால் மருந்து. இந்தியாவில் குழந்தைகளுக்கு வைட்டமின் 'ஏ' சொட்டு மருந்து கொடுக்கிறார்கள். அந்தச் சத்துக் குறைந்தால் கண் பார்வையே போய்விடும். ஆகவே அதற்கும் இந்தக் கட்டுரையில் சொன்ன மாத்திரைகளுக்கும் சம்பந்தம் இல்லை. செவிலியர் சொல்லும் நாளில் தாய்மார்கள் தவறாமல் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

மஞ்சளும் டப்பாவில் வந்துவிட்டது

காரட்டோடு கதை முடியவில்லை. இப்போது மஞ்சளின் முறை.

மஞ்சளுக்கு அந்த நிறம் கொடுக்கும் பொருளின் பெயர் குர்குமின். சோதனைச் சாலையில், கண்ணாடிக் குழாய்க்குள், அது செய்யாத அற்புதம் இல்லை. துணுக்குகளை அடக்குகிறது. புற்று உயிரணுக்களை உதிரச் செய்கிறது. இதைப் பற்றி ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வந்திருக்கின்றன.

அமெரிக்க ரசாயன நிபுணர்கள் சிலர் 2017-ல் இவற்றை ஆராய்ந்து பார்த்தார்கள். மனிதர்களிடம் 120-க்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்திருக்கின்றன. வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு முறையாகச் செய்ததில் ஒன்றுகூட வெற்றி என்று சொல்லும்படி இல்லை என்றார்கள். குர்குமின் சாப்பிட்டால் இரத்தத்தில் ஏறுவதே அபூர்வம். அது மட்டுமல்ல. சோதனைக் குழாய்களில் அது பல சமயம் கண்ணைக் கட்டும் வித்தை காட்டுகிறதாம். வேலை செய்யாமலே வேலை செய்ததுபோல் தோன்றுமாம்.

இரத்தத்தில் ஏறாவிட்டால் வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? மிளகின் சத்தைச் சேர்த்து ஏற வைத்தார்கள். மஞ்சள் மாத்திரை சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் கெட்டுப்போன செய்திகள் 2019-ல் இத்தாலியில் வெளியாயின. அமெரிக்காவிலும் பிறகு அப்படிச் செய்திகள் வந்தன.

பச்சைத் தேயிலையின் கதையும் இதுதான். கோப்பையில் குடித்தால் பொதுவாகப் பயமில்லை. சாரத்தை மாத்திரையாக்கி, அதன் முக்கியச் சத்தை ஒரு நாளைக்கு 800 மில்லிகிராம் அளவில் சாப்பிட்டால் கல்லீரலுக்கு ஆபத்து வரலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் 2018-ல் எச்சரித்தார்கள்.

குழம்பில் போடும் மஞ்சளைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம். ஒரு சிட்டிகை வேறு. டப்பாவில் அடைத்த சாரம் வேறு. "இயற்கையானது, ஆகவே கெடுதல் இல்லை" என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். எட்டிக்காயும் இயற்கையானதுதான்!

அப்படியானால் காய்கறி?

காய்கறியின் பெருமை இதனால் குறைந்துவிடவில்லை. பின்லாந்துக் கணக்கிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது.

சோதனை தொடங்குமுன் அந்த மனிதர்களின் இரத்தத்தைப் பார்த்திருந்தார்கள். சாப்பாட்டின் மூலம் பீட்டா கரோட்டின் யாருக்கு அதிகம் இருந்ததோ, அவர்களுக்குப் பின்னால் நுரையீரல் புற்றுநோய் குறைவாகவே வந்தது. அதே மனிதர்கள். அதே பொருள். சாப்பாட்டிலிருந்து வந்தபோது நல்ல சகுனம். மாத்திரையிலிருந்து வந்தபோது கெடுதல்.

காரட்டில் பீட்டா கரோட்டின் மட்டுமா இருக்கிறது? நார் இருக்கிறது. உப்புகள் இருக்கின்றன. இன்னும் நூற்றுக் கணக்கான பொருள்கள் இருக்கின்றன. காய்கறி அதிகம் சாப்பிடுகிறவர் பலகாரம் குறைவாகச் சாப்பிடுவார். சிகரெட்டும் சற்றுக் குறைவாகப் பிடிக்கக்கூடும். நன்மை செய்தது எது என்று ஒன்றைமட்டும் பிடித்து இழுத்தால், தேர்வடத்தில் ஒரு நூலை உருவி எடுத்துக்கொண்டு, இதுதான் தேரை இழுத்தது என்று சொன்ன மாதிரி.

இன்னொரு விந்தையும் உண்டு. முட்டைக்கோஸ் குடும்பத்துக் காய்களில் ஒரு காரமான சத்து இருக்கிறது. கடுகும் முள்ளங்கியும் அந்தக் குடும்பந்தான். பூச்சி தின்னாமல் இருக்கச் செடி தயார் செய்து வைத்திருக்கும் ஆயுதம் இந்தக் காரம். அமெரிக்காவில், பால்டிமோர் நகரில், பால் டலலே என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் பச்சைப் பூக்கோஸில் இருந்து இதைப் பிரித்து 1992-ல் அறிவித்தார்கள். இது துணுக்குகளோடு தானே போய்ச் சண்டை போடுவதில்லை. உயிரணுவை லேசாகச் சீண்டுகிறது. சீண்டப்பட்ட உயிரணு, தன் சொந்தக் காவல் பொருள்களை அதிகமாகத் தயாரிக்கிறது. வெளியூரிலிருந்து போலீஸ் வரவில்லை; உள்ளூர்க்காரர்களையே தட்டி எழுப்புகிறது. காயின் நன்மைகளில் ஒரு பங்கு இப்படி வரலாம் என்று இப்போது பல ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறார்கள்.

யாருக்கு அபாயம்?

2022-ல் அமெரிக்காவில் நோய்த் தடுப்புப் பற்றி ஆலோசனை சொல்லும் நிபுணர் குழு இந்த விஷயத்தை மறுபடி ஆராய்ந்தது. புற்றுநோயையும் இருதய நோயையும் தடுப்பதற்காகப் பீட்டா கரோட்டினோ வைட்டமின் 'ஈ'யோ மாத்திரையாகச் சாப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டது. வைட்டமின் 'ஈ' விஷயத்தில் அவர்களுக்கு முன்பே ஓர் அனுபவம் உண்டு. ஆண்கள் 35,533 பேரை வைத்து நடந்த சோதனையில், வைட்டமின் 'ஈ' சாப்பிட்டவர்களுக்குப் புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் நூற்றுக்கு 17 பங்கு கூடியிருந்ததாக 2011-ல் தெரிய வந்தது.

அதிக அபாயம் சிகரெட் பிடிப்பவர்களுக்கு. "தினம் ஒரு மாத்திரை போடுகிறேன், இனி சிகரெட் என்னை என்ன செய்யும்?" என்று நினைப்பவர், செலவையும் இரண்டாக்கிக்கொள்கிறார், ஆபத்தையும் கூட்டிக்கொள்கிறார். சிகரெட்டை விட்டவர்களும் கவனிக்க வேண்டும். வயதானவர்களுக்குக் கண்ணின் விழித்திரை கெடும் ஒரு நோய்க்கு டாக்டர்கள் சில சத்து மாத்திரைகள் கொடுப்பது உண்டு. முன்பு அதில் பீட்டா கரோட்டின் இருந்தது. சிகரெட்டை விட்டவர்களுக்கும் அதனால் நுரையீரல் புற்றுநோய் கூடுகிறது என்று தெரிந்ததும், அதை எடுத்துவிட்டு வேறு சத்தைச் சேர்த்தார்கள். 2013-ல் அதன் முடிவு வெளிவந்தது. பழைய கலவையும் சில கடைகளில் இருக்கக்கூடும். டப்பாவின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்ப்பது நல்லது. எழுத்து பொடியாக இருந்தால் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லலாம்.

எல்லாரையும்விட ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவர்கள், புற்றுநோய்க்கு வைத்தியம் செய்துகொண்டிருப்பவர்கள். கதிர் வைத்தியம் எப்படிப் புற்றைக் கொல்கிறது? இதே தறிகெட்ட துணுக்குகளைப் புற்றுக்குள் கிளப்பிவிட்டுத்தான். அந்த நேரத்தில் துணுக்கை அடக்கும் மாத்திரை சாப்பிட்டால், வைத்தியத்தின் கையைக் கட்டிப்போட்டது ஆகாதா? கனடாவில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர் வைத்தியம் செய்துகொண்ட 540 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. 2005-ல் முடிவு தெரிந்தது. வைட்டமின் 'ஈ'யும் பீட்டா கரோட்டினும் சாப்பிட்டவர்களுக்கு வைத்தியத்தின் எரிச்சலும் புண்ணும் குறைவாக இருந்தன. ஆனால் மாத்திரை சாப்பிட்டுவந்த காலத்தில் புற்றுநோய் திரும்பி வந்ததும் அவர்களிடையேதான் அதிகம்.

நோயாளி மெலிந்து கிடக்கும்போது உற்றாரும் உறவினரும் ஆளுக்கு ஒரு டப்பா வாங்கி வருவார்கள். அன்பினால் செய்வதுதான். அந்த டப்பாக்களை எல்லாம் ஒரு பையில் போட்டு, வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பொடி, லேகியம், மாத்திரை, எதுவானாலும் சரி. கோபித்துக்கொள்வாரோ என்று மறைக்கக் கூடாது. எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று அவர் பார்த்துச் சொல்லட்டும்.